ஸ்டியரிங் தோல் தேய்ந்தால்: போனது தோலா, மேல்பூச்சா?

சித்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய 2005 மாடல் கார். இருபது வருஷமாகச் சித்தூருக்கும் பெங்களூருக்கும் போய் வந்த வண்டி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதில்லை, வண்டி மகன் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் சுற்றியிருக்கும் லெதர் இடப்பக்கம் பளபளவென்று வழுக்குகிறது. வலப்பக்கம் கறுப்பு போய் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிகிறது. அங்கேயே உள்ளங்கை அகலத்துக்குப் பூனைமயிர் போல எழும்பி நிற்கிறது. அடிப்பக்கத்தில் நாலைந்து தையல் விட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகுமா, கவர் மாட்டி மறைத்துவிடலாமா, இல்லை மொத்தமாகப் பிரித்துப் புதுத்தோல் தைக்க வேண்டுமா என்பது கேள்வி.

நான் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், மேல்பூச்சு கொடுக்கும் ஃபினிஷிங் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தவன். இப்போது பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி இந்தப் பக்கம் ஆந்திராவின் வி.கோட்டாவில் குஷன் கடை வைத்திருக்கிறேன். சீட் வேலைதான் முக்கியம் என்றாலும், வாரத்துக்கு ஒரு ஸ்டியரிங்காவது கைக்கு வந்துவிடும். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. எண்ணெய் வேண்டாம், கவர் வேண்டாம், புதுத்தோலும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தேய்ந்தது பெரும்பாலும் தோல் இல்லை, தோல்மேல் இருந்த பூச்சு. பூச்சை நாம் திரும்பப் போட்டுவிடலாம். வீட்டு வாசலிலேயே இரண்டு நாளில் செய்யக்கூடிய வேலை.

பூச்சு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மாட்டுத்தோல் டேனரிக்குள் வந்து, சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, குரோம் உப்போடு டிரம்மில் சுழன்று வெளியே வரும்போது இளநீலமாக இருக்கும். வெட் புளூ என்று அதற்குப் பெயர். அப்புறம் அதைச் சீவி வேண்டிய கனத்துக்குக் கொண்டுவருவார்கள். ஸ்டியரிங்குக்கு என்றால் 1 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை. சாயமும் தோல் மெதுவாக இருப்பதற்கான எண்ணெயும் மறுபடி டிரம்மிலேயே ஏறும். உலர்ந்த பிறகுதான் எங்கள் பிரிவுக்கு வரும். நாங்கள் பிக்மென்ட் என்ற நிறப்பொடியையும் அதைத் தோலில் ஒட்டவைக்கும் பைண்டரையும் கலந்து நிறப்பூச்சு கொடுப்போம், அதற்கு மேல் நிறமில்லாத டாப் கோட். இரண்டும் சேர்ந்து ஒரு தலைமுடியின் கனம் இருந்தால் அதிகம். உங்கள் அப்பா இருபது வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்தது இந்த முடிக்கனப் பூச்சைத்தான். தோலை அவர் கை தொட்டதே அது தேய்ந்த பிறகுதான்.

உங்களுக்குத் தெரிகிற நீலச்சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, தோல் கெட்டுப்போனதும் இல்லை. டிரம்மில் சாயம் நடுவரை இறங்காத குரோம் தோலின் சொந்த நிறம் அது. குரோம் இல்லாமல் பதனிட்ட தோலும் கார்களில் வருகிறது, அதில் பூச்சு போனால் உள்ளே வெளுப்பாகத் தெரியும். எந்த நிறம் தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்.

ஏன் வலப்பக்கம் மட்டும் இப்படி? நம் ஊர் வண்டிகளில் கியர் இடக்கைக்கு இருக்கிறது. இடக்கை கியருக்கும் ஸ்டியரிங்குக்கும் போய் வந்துகொண்டே இருக்கும், வலக்கை ஸ்டியரிங்கை விடுவதே இல்லை. பெங்களூர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏறும்போது கவனித்துப் பாருங்கள், வளைவு முழுக்க வலக்கை ஒன்றே பிடித்து இழுக்கும். கை வேர்வையில் உப்பு இருக்கிறது, நம் உடம்பின் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அதோடு வலப்பக்கக் கண்ணாடி வழியாக வெயில் நேராக அந்தப் பக்கத்தில் விழுகிறது. சித்தூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். வெந்து இளகிய பூச்சின்மேல் வேர்வைக் கை, மோதிரம், நகம். இத்தனையும் சேர்ந்து அரைத்ததுதான் அந்த இடம்.

2020க்கு அப்புறம் இன்னொரு காரணமும் சேர்ந்தது. கைக்கு சானிடைசர் போட்டு, அது காய்வதற்கு முன் ஸ்டியரிங்கைப் பிடிப்பது. ஆல்கஹால் பூச்சை இளக்கிவிடும். அந்த இரண்டு வருஷத்தில் என் கடைக்கு வந்த ஸ்டியரிங்குகளில் விரல் பதிந்த வடிவத்திலேயே பூச்சு உரிந்திருந்ததைப் பார்த்தேன். இந்த ஆல்கஹாலையே நாம் பிறகு வேலைக்கும் பயன்படுத்தப் போகிறோம், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் வேலை: உங்களுடையது தோல்தானா என்று உறுதி செய்வது. லெதர் என்று சொல்லி விற்ற வண்டிகளில் எல்லாம் லெதர் இருக்காது. தையலே இல்லாமல் வார்த்து எடுத்தது போல இருந்தால் அது பாலியூரிதீன் என்ற பிளாஸ்டிக் வகை. பழசானால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். கீழே நான் சொல்வது அதற்குப் பொருந்தாது. தையல் இருந்தாலும் ரெக்சினாக இருக்கலாம். தேய்ந்த இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். துணியின் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்கும் நூல் தெரிந்தால் ரெக்சின். ஒழுங்கில்லாமல், பஞ்சைப் பிய்த்தது போல் நார் எழும்பியிருந்தால் தோல். பூனைமயிர் என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் தோல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். விரலை நனைத்து, பளபளக்கும் இடப்பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அது முத்தாக நிற்கும், துடைத்தால் தடமில்லாமல் போகும். பூச்சு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் தெரிகிற இடத்தில் இன்னொரு சொட்டு. அது பரவி, உறிஞ்சி, ஈரச் சுவர் போல அந்த இடம் கறுக்கும். அங்கே பூச்சு இல்லை. இப்படி ஸ்டியரிங் முழுக்கச் சுற்றி வந்தால் எங்கே வேலை, எங்கே வேலை இல்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சொட்டு சொட்டாக விடுங்கள், ஈரத்துணியால் துவைக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ஏன் வேண்டாம் என்பதும் இந்தச் சோதனையிலேயே தெரியும். தண்ணீர் இறங்காத இடத்தில் எண்ணெயும் இறங்காது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும், நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும், மலைப்பாதையில் கை வழுக்கும். பூச்சு போன இடத்தில் இறங்கும், அங்கே இறங்குவது இன்னும் கெடுதல். நாருக்குள் எண்ணெய் புகுந்துவிட்டால் பின்னால் போடும் பைண்டர் ஒட்டாது. டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரேயும் அப்படித்தான், அதை எடுப்பது எண்ணெயைவிடக் கஷ்டம். ஷூ பாலிஷ் கேட்கவே வேண்டாம், வெள்ளைச் சட்டை போட்ட அன்று தெரியும்.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் இருக்கலாம். பூச்சு வேலைக்கு ஸ்டியரிங்கைக் கழற்றவே தேவையில்லை, கழற்றாதீர்கள். நடு மூடி, ஹாரன், பட்டன்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுங்கள். இண்டிகேட்டர் தண்டுகளையும் மீட்டரையும் ஒரு பழைய வேட்டியால் மூடிவிடுங்கள். மூடியின் இடுக்குக்குள் எந்தத் திரவமும் போகக் கூடாது.

இனிக் கழுவுவது. கடையில் லெதர் கிளீனர் என்று கிடைப்பதை வாங்கலாம். கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான ஷாம்புவை அரை லிட்டர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கலக்கினால் போதும். துணி சோப்பும் பாத்திர சோப்பும் ஆகாது. தோல் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருப்பது, சோப்பு காரம். காரம் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் விறைத்துப்போகும். மெதுவான டூத் பிரஷ்ஷில் நுரையை மட்டும் எடுத்து, ஒரு சாண் நீளமாகத் தேய்த்து, வெள்ளைத் துணியால் உடனே துடைத்துக்கொண்டே போங்கள். வெள்ளைத் துணி முக்கியம். முதல் துடைப்பில் டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும். அது இருபது வருஷ வேர்வையும் புழுதியும். துணியில் பழுப்பு வருவது நின்றால் போதும். பழுப்பு போய் கறுப்பு வர ஆரம்பித்தால் நீங்கள் அழுக்கைத் தாண்டி நிறத்தைத் தேய்க்கிறீர்கள், அங்கே நிறுத்துங்கள்.

இப்போது இடப்பக்கத்தைப் பாருங்கள். பளபளப்பு போய் மங்கலாக, புதிது போல இருக்கும். தோலுக்குப் பளபளப்புதான் அழகு என்று பல பேர் நினைக்கிறார்கள். ஸ்டியரிங் தோல் டேனரியிலிருந்து மங்கலாகத்தான் வரும், மினுக்கம் முழுக்கக் கை எண்ணெய். பாதிப்பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. பூச்சு அடிக்கச் சொல்லி வருகிற வண்டிகளில் எத்தனையோ வண்டியை இப்படிக் கழுவி மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் இடப்பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

வலப்பக்கத்துக்கு மறுநாள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரோடு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, தேய்ந்த இடத்தையும் அதைச் சுற்றி நிறம் இருக்கிற இடத்தையும் ஒரு முறை துடையுங்கள். கதவுகள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். மிச்சக் கொழுப்பு போவதோடு பழைய பூச்சின் மேற்பரப்பும் லேசாக இளகும். புதுப்பூச்சு அதைப் பிடித்துக்கொள்வதற்கு அந்த இளக்கம் வேண்டும். துணியில் கொஞ்சம் கறுப்பு வரும், இந்தக் கறுப்பு சரிதான்.

எதுவரை பூசுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தேய்ந்த இடத்தை மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும். ஸ்டியரிங் தோல் மூன்று அல்லது நாலு துண்டாகச் சேர்த்துத் தைத்ததாக இருக்கும். ஒரு சேர்ப்பில் ஆரம்பித்து அடுத்த சேர்ப்பில் முடியுங்கள். நிறத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் சேர்ப்புக் கோடு அதை மறைத்துவிடும். நாங்கள் சோபாவுக்கும் இதையே செய்வோம்.

பூனைமயிரை அடக்குவது உப்புத்தாள் வேலை. கார் பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்வதில் 600 நம்பர், அப்புறம் 1000. தண்ணீர் தொடாமல் உலர்வாகவே, ஒரே திசையில், காகிதத்தின் எடை மட்டும் படுகிற மாதிரி. அழுத்தினால் நல்ல இடத்தின் கிரெய்ன் போய்விடும். கிரெய்ன் என்பது மாட்டின் மயிர்த்துளைகளோடு இருக்கும் மேல் படலம். போனால் திரும்பி வராது. கட்டைவிரலை ஓட்டும்போது தட்டாமல் இருந்தால் போதும்.

அப்புறம் லெதர் பைண்டர். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சின்ன ஸ்பாஞ்சில் தொட்டு, நார் எழும்பிய இடத்தில் தேய்த்து உள்ளே இறக்குங்கள். ஹேர் டிரையரில் மிதமான சூட்டில் காயவைத்து, மறுபடி. மூன்று நாலு முறை செய்தால் அவிழ்ந்து நின்ற நாரெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, அந்த இடம் கெட்டியாகி, விரலுக்குத் தோல் போலவே படும். மேலே 1000 நம்பர் தாளை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஹேர் டிரையருக்குப் பதிலாகப் பெயின்டர்களின் ஹீட் கன்னை எடுக்க வேண்டாம். ஈரத்தோல் அதிகச் சூடு தாங்காது. நார் சுருங்கி இறுகினால் நகம் மாதிரி ஆகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. டிரையரையும் ஏர்பேக் மூடியின் பக்கம் திருப்பாதீர்கள்.

குழி, கீறல் இருந்தால் லெதர் ஃபில்லர் என்ற நிரப்புப் பசை போடலாம். பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, தேய்த்து, தேவையானால் இன்னொரு இழுப்பு. ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், ஒரு மாதத்தில் விரிசல் விடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பல பழைய வண்டிகளில் வலப்பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில், மோதிரம் உராய்ந்த வரி ஒன்று இருக்கும். உங்கள் வண்டியிலும் இருந்தால் அதை நிரப்புவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சென்ற வருஷம் பலமனேரிலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்த வரியை விரலால் தடவிக் காட்டி, இதை மூடாதே என்றார். நிறம் மட்டும் பூசிக் கொடுத்தேன். வரி அப்படியே இருக்கிறது, பார்க்கவும் அசிங்கமில்லை.

நிறம் கலப்பதற்கு அவசரப்படாதீர்கள். ஸ்டியரிங் கறுப்பு உண்மையில் முழுக் கறுப்பு இல்லை. ஆறு மணி இடத்தில், பின்பக்கமாக, கையே படாத ஒரு விரல் அகலம் இருக்கும். கழுவிய பிறகு அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிலக்கரி நிறம் போல இருக்கும், சிலதில் பழுப்புச் சாயல், சிலதில் நீலச் சாயல். கடையில் வாங்கும் கறுப்பு லெதர் கலரில் துளி வெள்ளையும் அந்தச் சாயலுக்கு ஏற்ற துளியும் சேர்க்க வேண்டியிருக்கும். தண்ணீரில் கலக்கும் பிக்மென்ட் கலராகப் பார்த்து வாங்குங்கள், முழு ஸ்டியரிங்குக்கே 50 மில்லி தாராளம். கலந்ததை அந்தப் பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, காயவைத்து, அப்புறம் ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பைண்டரின் வெண்மை சேர்ந்து வெளிறித் தெரியும், காய்ந்தால் கறுக்கும். ஈரத்தில் பார்த்துச் சரி என்று பூசினால் மறுநாள் கறுப்புப் பட்டை கட்டியது போல இருக்கும்.

பூசுவதில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமைதான். நல்ல ஸ்பாஞ்சை ஒரு எலுமிச்சம்பழ அளவு வெட்டி, கலரில் தொட்டு, பழைய காகிதத்தில் ஒற்றி எடுத்து, அந்த மிச்ச ஈரத்தால் ஒற்றி ஒற்றிப் போங்கள். இழுத்தால் கோடு விழும். முதல் பூச்சு பார்த்தால் மனசு ஒடிந்துவிடும். திட்டுத் திட்டாக, முன்னைவிட மோசமாகத் தெரியும். அதுதான் சரியான முதல் பூச்சு. முழுதாக மறைகிறது என்றால் கனமாகப் போட்டுவிட்டீர்கள். இரண்டாவதில் சாம்பல் மங்கும், மூன்றாவதில் ஒன்று சேரும், நாலு அல்லது ஐந்தில் முடியும். ஒவ்வொன்றும் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் அடுத்தது. டேனரியில் இதையே ஸ்ப்ரே இயந்திரமும் உலர்த்தும் சுரங்கமும் செய்கின்றன. அங்கேயும் கனமாக ஒரு பூச்சு கொடுப்பதில்லை, மெல்லிசாகப் பல தடவைதான். கனப்பூச்சு தோலோடு வளையாது, பாளம் பாளமாக வெடிக்கும்.

கடைசியில் டாப் கோட். மேட் என்று கேட்டு வாங்குங்கள். பளபளக்கிற வகை கையில் வழுக்கும், வெயிலில் கண்ணையும் கூசும். ஸ்டியரிங் மாதிரி ஓயாமல் கை படுகிற இடத்துக்குக் கிராஸ்லிங்கர் என்ற கெட்டியாக்கும் மருந்தைக் குப்பியில் சொன்ன அளவுக்குக் கலந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி சாம்பல் தெரியும். அந்த மருந்து நம் கைக்கும் கண்ணுக்கும் ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் கெட்டுவிடும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும்.

கடை திறந்த முதல் வருஷம் இந்தக் கட்டத்தில் ஒரு தப்பு செய்தேன். கார்த்திகை மாதம், விடாத மழை. வண்டிக்காரர் திருப்பதி போக வேண்டும், சாயங்காலமே வேண்டும் என்றார். காற்றில் அத்தனை ஈரம் இருந்தும் டாப் கோட் அடித்து, டிரையர் காட்டி, தொட்டால் ஒட்டவில்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. சந்திரகிரி தாண்டுவதற்குள் அவர் இரண்டு உள்ளங்கையும் கறுப்பு, பூச்சில் விரல் ரேகை பதிந்துவிட்டது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுக் காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை எடுப்பதில்லை. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் செய்தால் நிழலில் செய்யுங்கள், சூடான தோலில் கலர் பரவுவதற்குள் காய்ந்து திட்டாகும். முடித்த பிறகு ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொட வேண்டாம். ஓட்ட ஆரம்பித்தாலும் ஒரு வாரம் ஈரத்துணி, கிளீனர் எதுவும் வேண்டாம், பூச்சு முழுதாக இறுக அத்தனை நாள் ஆகும்.

தையலுக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்டியரிங்கின் உள்வட்டத்தில் தோலின் இரண்டு ஓரமும் சந்திக்கிற இடத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் மெஷினில் போட்ட ஒரு நேர்த்தையல் ஓடும். கையால் போடும் பின்னல் நூல் தோலைத் துளைத்துப் போவதில்லை. அந்த மெஷின் தையலின் அடியில் நுழைந்து, எதிர் ஓரத்து மெஷின் தையலின் அடியில் நுழைந்து, இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. இழுவை தோலின் ஒரே துளையில் விழாமல் மெஷின் தையல் முழுக்கப் பரவுகிறது. அதனால்தான் இருபது வருஷம் ஆனாலும் ஓரம் கிழிவதில்லை. தெரியாதவர்கள் ஊசியைத் தோலிலேயே குத்தி இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி, ஒரு கோடையில் கிழிந்துவிடும்.

உங்களுக்கு விட்டிருப்பது நாலைந்து பின்னல்தான் என்றால், மெஷின் தையல் அறுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அறுபடாமல் இருந்தால் வேலை சுலபம். முனை மழுங்கிய வளைந்த ஊசி இரண்டு, மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் வேர்வையில் மக்கிவிடும். நல்ல தையல் இருக்கிற இடத்திலிருந்து மூன்று பின்னல் முன்னால் ஆரம்பித்து, பழைய நூல் போன வழியிலேயே போய், மூன்று பின்னல் தாண்டி முடியுங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டு ஓரமும் முட்டி நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. முடிச்சை உள்ளே தள்ளிவிடுங்கள். தையலைக் கலர் அடிப்பதற்கு முன் செய்துவிட்டால் ஓர இடைவெளியும் நிறத்தோடு ஒன்றாகிவிடும், நூல் வேறு நிறம் என்றால் கடைசியில் செய்யுங்கள்.

எப்போது புதுத்தோல்? தோல் கிழிந்து அடியிலிருக்கும் ஃபோம் தெரிந்தால், கிள்ளினால் பிய்ந்து வந்தால், மடிப்பில் ஆழ வெடித்திருந்தால். அப்போது பூச்சு நிற்காது. தோல் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் சுற்றளவு ஏறக்குறைய 120, பிடியின் சுற்று 10. மொத்தம் ஒன்றேகால் சதுர அடிக்குச் சற்று கூட. சேதாரம் சேர்த்து இரண்டு சதுர அடி வாங்கினால் போதும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ கேட்கும்போது கார் சீட்டுக்கான ஃபினிஷ் செய்த மாட்டுத்தோல், 1.2 மில்லிமீட்டர், முதுகுப் பகுதி என்று சொல்லிக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுத்தால் நீண்டு தொங்கிவிடும். கோட்டு, கையுறைக்கான ஆட்டுத்தோல் தொடுவதற்குச் சுகம், ஆனால் ஸ்டியரிங்கில் சீக்கிரம் பிய்ந்துவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் ஊர்த் தோல்மேல் எனக்கு அத்தனை மரியாதை உண்டு. ஆனாலும் பூச்சில்லாத அந்தத் தோல் வேர்வை பட்ட இடமெல்லாம் கறுக்கும், ஸ்டியரிங்குக்குச் சொல்லமாட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்து வியாபாரத்தில் பாஷைக் கவலையே வேண்டாம். தமிழில் தோல், தெலுங்கில் தோலு, பேரணாம்பட்டு சாயபுமார்களிடம் சம்டா. எதைச் சொன்னாலும் எடுத்து விரிப்பார்கள்.

பழைய தோலைக் கிழிக்காமல் தையலை மட்டும் அறுத்து எடுத்தால் அதுவே வெட்டுவதற்கு அச்சு. ஆனால் அது இருபது வருஷம் இழுபட்டு நீண்டிருக்கும். அளவை அப்படியே எடுத்தால் புதுத்தோல் தொளதொளக்கும், அகலத்தில் மூன்று நாலு மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். இதற்கு ஸ்டியரிங்கைக் கழற்றியாக வேண்டும், அங்கே மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, அந்த வண்டியின் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம்தான் ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கவே கூடாது.

கவர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் தொங்குகிற எலாஸ்டிக் கவர் வளைவில் ஸ்டியரிங்மேல் சுழன்றுவிடும். கை திரும்பும், சக்கரம் திரும்பாது. மொகிலியில் அப்படி ஒருமுறை நடந்தால் போதும். தவிர, அடியில் வேர்வை தங்கி மிச்சமிருக்கும் பூச்சையும் ஊறவைத்துவிடும்.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு சின்னது. வாரம் ஒருமுறை பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மாதம் ஒருமுறை கிளீனர். சானிடைசர் போட்டால் கை காய்ந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுங்கள். வெயிலில் நிறுத்தும்போது ஒரு வெள்ளைத் துண்டை ஸ்டியரிங்மேல் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன், குஷன் கடை எதிலாவது பழைய சீட்டின் கறுப்புத் தோல் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், காசில்லாமலே கொடுப்பார்கள். அதை 600 தாளில் தேய்த்து நார் எழுப்பி, பைண்டரிலிருந்து டாப் கோட் வரை ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து மடித்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெடிக்காமல், உரியாமல் இருந்தால் ஸ்டியரிங்கில் கை வைக்கலாம். வெடித்தால் எந்தப் பூச்சு கனமாகிவிட்டது என்று பார்த்து, அதே துண்டின் மறுபாதியில் இன்னொரு முறை.